கோ 5 சின்ன வெங்காய விதை: வீட்டுத் தோட்டத்திலிருந்து ஒரு மதிப்புரை

சின்ன வெங்காயம் பயிரிட நினைப்பவர் முதலில் தேடுவது விதைக்காயை, அதாவது நடுவதற்கென்று வைத்த வெங்காயத்தைத்தான். போன பட்டத்தில் அறுத்துப் பட்டறை எனும் காற்றோட்டமான சேமிப்பிடத்தில் இருப்பு வைத்த காயை வாங்கி, காய்ந்த தாளையும் வேரையும் கிள்ளிவிட்டு, தனித்தனியாகப் பிரித்துப் பாரின் இருபுறமும் ஊன்றுவதுதான் பெரம்பலூரிலிருந்து பல்லடம் வரை வழிவழியாக நடந்து வரும் முறை. விதை தூவி நாற்று விட்டும் சின்ன வெங்காயம் எடுக்கலாம் என்பதைப் பரவலாக நடைமுறைக்குக் கொண்டு வந்தது, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2001-ஆம் ஆண்டு வெளியிட்ட கோ 5 என்ற ரகம். அந்த விதையைக் கோயம்புத்தூரின் புறநகரில், செம்மண் நிலத்தில் அமைந்த என் வீட்டுத் தோட்டத்தில் சில பருவங்களாக விதைத்தும், நட்டும், பூக்கவிட்டு அதிலிருந்து திரும்ப விதை எடுத்தும் வருகிறேன். இங்கே சொல்லப்போவது ஏக்கர் கணக்கில் பயிரிடுபவருக்கான கணக்கு இல்லை. நான்கைந்து பாத்திகளும் கொஞ்சம் பொறுமையும் உள்ள வீட்டுத் தோட்டக்காரர், இந்த விதைப் பொட்டலத்துக்குக் காசு கொடுக்கலாமா என்பதைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

முதலில் பொட்டலத்தைப் பார்ப்போம். வெங்காய விதை கறுப்பாக, முனைகள் மழுங்காமல், ஏறக்குறைய எள் அளவில் இருக்கும். ஒரு கிராமில் ஏறக்குறைய 250 முதல் 300 விதைகள் வரை இருக்கும். பார்வைக்கு அழகான விதை என்றாலும், எந்த ரகம் என்பதையும், புதியதா பழையதா என்பதையும் வெறும் கண்ணால் கண்டுபிடிக்க வழியே கிடையாது என்பதால், வாங்குபவருக்கு உள்ள ஒரே துணை அதன்மேல் ஒட்டியுள்ள அட்டைதான். சான்று பெற்ற விதைக்கு நீல அட்டையும், சான்று இல்லாமல் உற்பத்தியாளரே தரத்துக்குப் பொறுப்பேற்கும் உண்மைநிலை விதைக்குப் பச்சை அட்டையும் இருக்கும். வெங்காய விதைக்குச் சட்டப்படி குறைந்தது 70 விழுக்காடு முளைப்புத்திறன் இருக்க வேண்டும். அந்த எண்ணைவிட முக்கியமானது சோதனை செய்த தேதி. காய்கறி விதைகளில் மிகச் சீக்கிரம் உயிர் போகும் விதைகளுள் ஒன்று வெங்காய விதை. நம் ஊர் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் சாதாரணமாக வைத்தால், ஓராண்டு கடந்த விதையை நம்பி நாற்றங்கால் போட முடியாது. அட்டையில் சோதனைத் தேதி அழிந்திருந்தாலோ, அதன்மேல் புதிய ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலோ, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காமல் திரும்புவதே நல்லது. நான் பல்கலைக்கழக விற்பனை மையத்தில் வாங்கிய விதை, ஈரத்துணியில் சுருட்டி வைத்துப் பார்த்தபோது அட்டையில் சொன்னதற்குக் குறையாமல் முளைத்தது.

இந்த விதையைப் பரிந்துரைப்பவர்கள் எல்லோரும் முதலில் சொல்லும் காரணம் செலவு. ஒரு ஹெக்டேருக்கு விதைக்காய் என்றால் 1,000 முதல் 1,500 கிலோ வரை தேவைப்படும். அதே நிலத்துக்கு விதை 2.5 கிலோ போதும். வெங்காய விலை ஏறிக் கிடக்கும் ஆண்டில் இந்த வித்தியாசம் ஒரு விவசாயியின் தூக்கத்தைத் தீர்மானிக்கும். வீட்டுத் தோட்டத்தில் அப்படி எதுவும் மிச்சமாகிவிடாது. அரைக் கிலோ விதைக்காய் வாங்கி ஊன்றினால் 65 முதல் 75 நாட்களில் அறுவடை முடிந்துவிடும்; விதை என்றால் நாற்றங்காலிலேயே 40 முதல் 45 நாட்கள் போய்விடும், அதன்பின் நட்டு ஏறத்தாழ 90 நாட்கள் காத்திருக்க வேண்டும். ஆகவே, சிக்கனத்துக்காக இதை வாங்குபவர் ஏமாந்துதான் போவார். வேறு இரண்டு காரணங்களுக்காக இதை வாங்கலாம் என்பது என் கருத்து. ஒன்று, நோய். காயிலிருந்து காயாகத் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கும்போது, மஞ்சள் குட்டை நோயை உண்டாக்கும் வைரஸும் அடியழுகல் பூஞ்சாணமும் காயோடு சேர்ந்தே அடுத்த பாத்திக்கு வந்துவிடுகின்றன. அந்த வைரஸ் பொதுவாக விதை வழியே பரவுவதில்லை என்பதால், விதையிலிருந்து வரும் செடி அந்தச் சுமை இல்லாமல் தொடங்குகிறது. இரண்டாவது காரணம் இதைவிடச் சுவையானது. விதையிலிருந்து வரும் ஒவ்வொரு செடியும் தனி ஆள்.

அதற்குப் போகுமுன் நாற்றங்காலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் கைவிடுவது அங்கேதான். மேட்டுப்பாத்தி அமைத்து, மக்கிய தொழு உரத்தில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சாணத்தைக் கலந்து தூவி, விரல் அகல இடைவெளியில் கோடு கிழித்து மெல்லிய வரிசையாக விதைத்து, மேலே சலித்த மண்ணை ஒரு சென்டிமீட்டருக்கு மிகாமல் போட்டு வைக்கோலால் மூடினேன். ஒரு வாரம் பத்து நாளில் முளை வெளியே வரும். வெங்காயத்தின் முளை நேராகத் தலை நீட்டாது. கொக்கி போல வளைந்து, முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே வந்து, அதன்பின் கறுப்பு விதைத்தோலை நுனியில் சுமந்தபடி மெல்ல நிமிரும். அந்த நாட்களில் பூவாளியில் சற்று வேகமாக நீர் விட்டாலும் வளைவு முறிந்துவிடும். நீர் தேங்கினால் நாற்றழுகல் வந்து ஒரே இரவில் திட்டுத் திட்டாகச் சாய்த்துவிடும். வெண்டையோ அவரையோ விதைத்துப் பழகியவருக்கு இந்த நாற்றின் மெதுவான வளர்ச்சி எரிச்சலையே தரும். ஒரு மாதமாகியும் புல்லுக்கும் நாற்றுக்கும் வேறுபாடு தெரியாமல் களை எடுப்பது உண்மையிலேயே கண்ணுக்கு வேலை. நாற்றின் தாள், பென்சிலில் பாதித் தடிமனுக்கு வந்ததும் பறித்து, பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் நடலாம். நட்டபின் பெரிய தொல்லை எதுவும் இல்லை. இலைப்பேன் வரும், தாள்கள் பிரியும் இடுக்கில் வெளிறிய கீறல்கள் தெரியத் தொடங்கியதுமே வேப்ப எண்ணெய்க் கரைசல் தெளித்தால் போதுமானதாக இருந்தது.

அறுவடையில்தான் இந்த விதையின் உண்மையான குணம் தெரிய வருகிறது. விதைக்காய் ஊன்றிய பாத்தியில் பத்துச் செடியைப் பிடுங்கினால் பத்தும் ஒன்றுபோல இருக்கும். கோ 5 பாத்தியில் அப்படி இல்லை. ஒரு செடி இளஞ்சிவப்பில் ஐந்து காய்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் நல்ல பருமனோடு இருந்தது. அதற்கு அடுத்த செடி இரண்டே காய்களாக, தோல் சற்று மங்கலாக, கழுத்து தடித்து இருந்தது. இன்னொன்று பிரியவே இல்லை, எலுமிச்சை அளவில் ஒற்றைக் காயாக உட்கார்ந்திருந்தது. நெருக்கமாக நின்ற செடிகள் பெரும்பாலும் ஒற்றையாகவும், இடம் விட்டு நின்றவை கொத்தாகவும் வந்தன என்பதால், இடைவெளிக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால், ஒரே இடைவெளியில் ஒரே வரிசையில் நின்ற செடிகளுக்குள்ளும் இந்த வேறுபாடு இருந்தது. வெங்காயம் அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிர், அதாவது ஒரு செடியின் பூ பெரும்பாலும் வேறொரு செடியின் மகரந்தத்தால் விதை கட்டும் பயிர் என்பதால் இது இயல்பானதே. சீரான காய் வேண்டும் என்று எதிர்பார்ப்பவர் இதைக் குறையாகச் சொல்வார். நான் இதை இந்தப் பொட்டலத்தின் சிறப்பாகவே எடுத்துக்கொள்கிறேன்.

சமையலறைத் தீர்ப்பு அவ்வளவு தாராளமாக இல்லை. கோ 5 காய் பருமனாக இருப்பதால் உரிப்பது எளிது. சாம்பாரில் முழுசாகப் போட்டால் உடையாமல் வெந்து இனிப்பாக இருக்கிறது. ஆனால் பழைய சோற்றுக்குக் கடித்துக்கொள்ளும்போது, நாட்டுக் காயில் மூக்கில் ஏறும் அந்தக் காரம் இதில் சற்றுக் குறைவு என்பது எங்கள் வீட்டில் எல்லோரும் ஒருமுகமாகச் சொன்னது. வடகத்துக்கு நாட்டுக் காய்தான் சரி என்று என் தாயார் பிரித்தே வைத்துவிட்டார். அதில் எனக்கும் மறுப்பில்லை.

இடையில் ஒரு பருவம் ஒரு தனியார் விதைக்கடையில் "சின்ன வெங்காய விதை" என்று மட்டும் அச்சிட்ட பொட்டலத்தை வாங்கி விதைத்ததையும் சொல்லிவிடுகிறேன். ரகத்தின் பெயர் கேட்டபோது, எல்லாம் ஒன்றுதான் என்ற பதிலே கிடைத்தது. முளைப்பு நன்றாகவே இருந்தது. நட்டு வளர்த்துப் பிடுங்கியபோது ஒரு செடிகூடப் பிரியவில்லை. எல்லாமே அடர் சிவப்பில், தட்டையான உருண்டையாக, பெங்களூர் ரோஸ் வெங்காயத்தின் சாயலில் ஒற்றைக் காய்களாக வந்தன. ரோஸ் வெங்காயம் நல்ல வெங்காயம்தான், அதற்கென்று ஏற்றுமதிச் சந்தையே இருக்கிறது. ஆனால் அது சின்ன வெங்காயம் ஆகாது. விதையைப் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது என்பதால், இந்த வகை ஏமாற்று நான்கு மாதம் கழித்துத்தான் வெளியே வரும். அதற்குள் ரசீது எங்கே போயிற்று என்றே தெரியாது. பொட்டலத்தில் "கோ 5" என்ற ரகப் பெயரும் குவியல் எண்ணும் (லாட் நம்பர்) அச்சிடப்பட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

இனி, இந்த விதையை எதற்காக வாங்கலாம் என்று நான் நினைக்கிறேனோ அந்த விஷயத்துக்கு வருகிறேன். சின்ன வெங்காயத்துக்கு மேலை நாடுகளில் ஒரு நெருங்கிய உறவு உண்டு. அங்கே உருளைக்கிழங்கு வெங்காயம் என்று அழைக்கப்படும் வகையும், ஷாலட்டும், நம் சின்ன வெங்காயமும் தாவரவியலில் அக்ரிகேட்டம் என்ற ஒரே குழுவில் வருபவை. மூன்றும் மண்ணுக்குள் கொத்தாகப் பிரிபவை, மூன்றையும் காயிலிருந்தே பெருக்கி வந்தார்கள். உருளைக்கிழங்கு வெங்காயம் பூப்பது அரிது என்பதால் அதன் விதையை யாரும் பொருட்படுத்தவில்லை. அமெரிக்காவில் வீட்டுத் தோட்டக்காரர்கள் சிலர், எப்போதாவது பூத்த செடிகளிலிருந்து விதை எடுத்து விதைத்துப் பார்த்தபோது, தாயைவிடப் பெரிய, நோய் குறைந்த காய்கள் வரக் கண்டார்கள். யூட்டா மாநிலத்தில் அப்படி விதையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட கிரீன் மவுன்டன் என்ற வகை இன்று விதை நிறுவனங்களில் விற்பனையாகிறது. அந்த விதையை நாம் வரவழைத்து விதைப்பதில் பயன் இல்லை. அந்த வகைகளில் பெரும்பாலானவை காய் திரள்வதற்கு நீண்ட பகலை எதிர்பார்ப்பவை. கோயம்புத்தூரில் ஆனி மாதத்து மிக நீண்ட பகல்கூடப் பதின்மூன்று மணி நேரத்தை எட்டாது என்பதால், இங்கே அவை தாளாகவே நின்றுவிடும். ஆனால் அவர்கள் கையாண்ட வழி நமக்கு அப்படியே பொருந்தும்: விதையால் வேறுபாட்டை உண்டாக்கி, பிடித்ததைக் காயால் நிலைநிறுத்துவது. தக்காளியிலும் கத்தரியிலும் ஒரு நல்ல செடி அமைந்தால் அதன் குணத்தை நிலைப்படுத்தப் பல தலைமுறைகள் விதை எடுத்துத் தேர வேண்டும். வெங்காயத்தில் அந்தத் தவம் தேவையில்லை. இன்று பாத்தியில் கண்ட ஐந்து காய்க் கொத்து, பிரித்து ஊன்றிய மறு பட்டத்திலேயே அதே குணத்தோடு திரும்ப வரும்.

விதை எடுப்பதற்குக் கோ 5 நன்றாகவே ஒத்துழைக்கிறது. ஐப்பசியில் திரண்ட காய்களை ஊன்றினால் மார்கழிக் குளிரில் பூத்தண்டு எழும்பி, தை, மாசியில் விதை கட்டுகிறது. பூப்பதற்குத் தூண்டுகோல் குளிர்தான்; ஆகவே சென்னை மொட்டைமாடியில் இதே பலனை எதிர்பார்க்க முடியாது. அங்கே உள்ளவர்கள், ஊன்றுவதற்குமுன் தாய்க்காய்களைக் குளிர்பதனப் பெட்டியின் அடித்தட்டில், ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸில், காகிதப் பையில் சில வாரங்கள் வைத்து எடுப்பது உதவும். பூத்தண்டு உள்ளே கூடாக, நடுவில் சற்று உப்பி நிற்கும்; அதன் உச்சியில் மெல்லிய சவ்வு உறை கிழிந்து, நூற்றுக்கணக்கான சிறு வெள்ளைப் பூக்கள் சில வாரங்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாக விரியும். ஒவ்வொரு பூவிலும் மகரந்தம் முதலில் உதிர்ந்து, அதன்பிறகே சூல்முடி பக்குவமாகிறது. தன் மகரந்தம் தனக்கே உதவாதபடி அமைந்த இந்த ஏற்பாட்டால், விதை கட்டுவது பெரும்பாலும் தேனீ போன்ற பூச்சிகளை நம்பியே இருக்கிறது. காலை ஒன்பது மணிக்குமேல் பாத்தியருகே நின்றால், சிறு கொம்புத் தேனீக்கள் ஒரு பூக்கொத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தே எல்லாப் பூவையும் தொட்டு வருவதைப் பார்க்கலாம். ஒரு பூவில் அதிகபட்சம் ஆறு விதைகள். வீட்டுத் தோட்டத்தில் மூன்று நான்கு கிடைத்தாலே நல்ல விளைச்சல் என்று கொள்ளலாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிடித்த ஒரே ஒரு செடியை மட்டும் பூக்கவிட்டு விதை எடுப்பது கூடாது. ஒரே செடியின் பூக்களுக்குள் சேர்க்கை நடந்தாலும் விதை கட்டும், ஆனால் அடுத்த தலைமுறை வீரியம் குன்றி, நோஞ்சானாக வரும். வெங்காயத்தில் இந்தக் குறை மற்றப் பல காய்கறிகளைவிடக் கடுமையானது. இருபதுக்குக் குறையாத வெவ்வேறு செடிகளின் காய்களை ஒரே பாத்தியில் சேர்த்து ஊன்றி, கூட்டாகப் பூக்கவிடுவதே சரியான முறை. அக்கம்பக்கத்தில் பெரிய வெங்காயமோ ரோஸ் வெங்காயமோ அதே நேரத்தில் பூத்திருந்தால் தேனீ அந்த மகரந்தத்தையும் கொண்டு வரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பூக்கொத்தின் உச்சியில் சில விதைக்கூடுகள் வெடித்துக் கறுப்பு விதை எட்டிப் பார்க்கத் தொடங்கியதும், ஒரு சாண் தண்டோடு அறுத்து, நிழலில் துணி விரித்து உலர்த்தி, உள்ளங்கையால் தேய்த்து, முறத்தில் புடைத்தால் வேலை முடிந்தது. விதையை நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம்.

எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்பதில் அவரவர் விருப்பம் உண்டு. நான் பருமனைப் பார்ப்பதில்லை; பெரிய காயே வேண்டுமென்றால் பல்லாரி வெங்காயம் இருக்கிறது. நான்கு காய்களுக்குக் குறையாமல் பிரிவது, கழுத்து மெல்லியதாகச் சுருங்கிக் காய்வது, முதல் பருவத்திலேயே பூத்தண்டு விடாதது, பச்சையாகக் கடித்தால் காரம் இருப்பது ஆகியவற்றைப் பார்க்கிறேன். இவற்றையெல்லாம்விட முக்கியமாக நான் கவனிப்பது இருப்பு. விதையிலிருந்து வந்த காய்களில் ஒரு பகுதி, காற்றோட்டமாகத் தொங்கவிட்டிருந்தும் மழைக்காலம் தொடங்கியதும் முளைவிட்டுவிட்டது அல்லது அடியில் மெத்தென்று ஆகிவிட்டது. இந்த ரகத்தில் என் தோட்டத்தில் கண்ட பெரிய குறை இதுவே. ஆனால் எல்லாச் செடியின் காயும் அப்படி ஆகவில்லை. ஒவ்வொரு கொத்தையும் தனித்தனியாக நூலில் கட்டி, அடையாளத் துண்டு போட்டுத் தொங்கவிட்டால், எது கடைசிவரை கல்லுப்போல இருக்கிறது என்பது தானே தெரிந்துவிடும்; அடுத்த பட்டத்துக்கு ஊன்றுவது அந்தக் கொத்துகளையே. அப்படித் தேர்ந்த கொத்துகளில் சில இப்போது நாட்டுக் காயோடு போட்டிபோடும் அளவுக்கு இருப்பு தாங்குகின்றன.

அடியழுகல் இந்த ரகத்திலும் வரத்தான் செய்கிறது. மண்ணில் ஏற்கெனவே பூஞ்சாணம் இருந்தால் சுத்தமான விதை மட்டும் என்ன செய்ய முடியும்? ஒரே பாத்தியில் திரும்பத் திரும்ப வெங்காயம் போடாமல், நடுவில் கீரையோ சோளமோ மாற்றிப் போடுவதே வழி. தொடர்மழையில் தாள் முறுக்கிக்கொள்ளும் திருகல் நோயும் எட்டிப் பார்க்கிறது; ஆகவே வைகாசி விதைப்பைவிட, வடகிழக்குப் பருவமழையின் ஆவேசம் தணிந்தபின் நடும்படி புரட்டாசிக் கடைசியில் நாற்று விடுவது என் தோட்டத்துக்கு ஒத்துவருகிறது. விதைக்காக ஊன்றும் தாய்க்காய்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது என்பதால், அந்தப் பாத்திக்கு மட்டும் மழைநாட்களில் மேலே பாலித்தீன் கூரை போடுகிறேன்.

பூக்கும் சின்ன வெங்காயத்தை நமக்குக் கொடுத்ததற்காகப் பல்கலைக்கழகத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஹெக்டேருக்கு 18 டன்னுக்கு மேல் என்ற விளைச்சல் கணக்கு விவசாயிக்கு, பூத்து விதை கட்டும் குணம் நம்மைப் போன்றவருக்கு. சாம்பாருக்கு நாலு காய் பறித்தால் போதும் என்பவர் சந்தையில் அரைக் கிலோ விதைக்காய் வாங்கி ஊன்றிக்கொள்வதே நல்லது. அவருக்கு இந்தப் பொட்டலம் வேண்டாம். தனக்கென்று ஒரு வெங்காயத்தை உருவாக்கிப் பார்க்க ஆசைப்படுபவர் தயங்காமல் வாங்கலாம். அவருக்கு உள்ள ஒரே சிக்கல் அளவு. விதை விற்பவர்கள் பெரும்பாலும் விவசாயியை நினைத்தே பொட்டலம் கட்டுகிறார்கள். வீட்டுத் தோட்டத்துக்கு ஐந்து கிராம் போதும், மிச்சத்தைச் சாதாரணமாக மறு வருடத்துக்கு வைத்தால் முளைப்பு வெகுவாகக் குறைந்துவிடும். எங்கள் தெருவில் நாங்கள் நான்கு வீட்டார் சேர்ந்து ஒரு பொட்டலம் வாங்கி, நகைக்கடைத் தராசு ஒன்றில் எடைபோட்டுப் பிரித்துக்கொள்கிறோம். அறுவடையானதும் அவரவர் தேர்ந்த கொத்தில் இரண்டு காய்களை மற்றவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது உடன்பாடு.